சைக்கிள், சிறுவயது, பேச்சுத் தேர்வு: 'ஓட்டுவேன்' என்ற இடத்தில் சறுக்காமல் பதில் சொல்வது எப்படி?

சிறுவயதில் உங்களிடம் சைக்கிள் இருந்ததா, பள்ளிக்கு அதில்தான் போனீர்களா, இப்போதும் ஓட்டுகிறீர்களா என்று, ஆங்கிலத் திறனை அளக்கும் ஐ.இ.எல்.டி.எஸ் தேர்வின் பேச்சுப் பிரிவில், அதன் முதல் பகுதியில் கேட்டால், இதைவிட எளிய தலைப்பு கிடைக்காது என்றே நானும் நினைத்திருந்தேன். மாதிரித் தேர்வு ஒன்றில் நான் சொன்ன பதில்களைப் பதிவுசெய்து கேட்ட பிறகுதான், ஒரே பிழையை ஒரு நிமிடத்துக்குள் ஐந்து முறை செய்திருந்தது எனக்குத் தெரிந்தது. 11 முதல் 14 நிமிடம் நடக்கும் அந்தத் தேர்வின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்பதால், நேராகப் பயிற்சிக்கு வருகிறேன்.

முதலில், மேலே உள்ள மூன்று கேள்விகளுக்கும் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் ஆங்கிலத்தில் பதில் சொல்லி, கைபேசியில் உள்ள ஒலிப்பதிவுச் செயலியில் பதிவுசெய்யுங்கள். பின்பு அதைச் சிறிது சிறிதாக நிறுத்திக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே தாளில் எழுதியெடுங்கள். பேசினால் தானே தட்டச்சு செய்துகொள்ளும் வசதியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நாம் விழுங்கிய இறந்தகால விகுதியைக்கூட அது பல நேரங்களில் தானாகவே ஊகித்துச் சேர்த்துவிடுவதால், பிழை நம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

அடுத்து, எழுதியெடுத்த தாளில் 'வில்' என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் வட்டமிடுங்கள். நான் சறுக்கிய இடம் இதுதான். 'சின்ன வயதில் தினமும் சாயங்காலம் சைக்கிள் ஓட்டுவேன்' என்று தமிழில் இயல்பாகச் சொல்கிறோம். 'நாளை ஓட்டுவேன்' என்பதில் வரும் அதே வினைமுற்றுதான் இங்கே, முன்பு வழக்கமாக நடந்துவந்த ஒன்றைக் குறிக்கிறது. இந்தப் பழக்கத்தில் 'ஐ வில் ரைடு' என்று வாய் தானாகவே சொல்லிவிடுகிறது. கேட்பவருக்கோ அது இனி நடக்கப்போகும் செயலாகத்தான் படும். ஆங்கிலத்தில் பழைய வழக்கத்தைச் சொல்ல 'ஐ யூஸ்டு டு ரைடு', 'ஐ வுட் ரைடு', 'ஐ ரோடு' என்று மூன்று வழிகள் உள்ளன. இவற்றில் 'வுட்' மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மீண்டும் மீண்டும் செய்த செயலுக்கு மட்டுமே அது பொருந்தும். ஒரு பொருள் நம்மிடம் இருந்தது, ஒன்று பிடித்திருந்தது என்பன போன்ற நிலைகளுக்குப் பொருந்தாது. ஆகவே 'ஐ வுட் ஹேவ் எ ரெட் பைக்' என்பது தவறு. 'ஐ ஹேட்' அல்லது 'ஐ யூஸ்டு டு ஹேவ்' என்பதே சரி. எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதல் வாக்கியத்திலேயே 'யூஸ்டு டு' கொண்டு நிறுவிவிட்டு, அதன் பிறகு 'வுட்' போட்டுத் தொடர்வது பாதுகாப்பானது. 'ஐ ஆம் யூஸ்டு டு ரைடிங்' என்றால் ஓட்டிப் பழகிவிட்டது என்று பொருள் மாறிவிடும் என்பதால், இடையில் 'ஆம்' நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பழைய பதில் இப்படி இருந்தது: 'எஸ், இன் மை ஸ்மால் ஏஜ் ஐ வில் டிரைவ் சைக்கிள் டெய்லி. மை ஃபாதர் வில் ஹோல்டு தி பேக்.' திருத்திய பதில் இது: 'எஸ், ஐ ஹேட் எ லிட்டில் ரெட் ஒன் வென் ஐ வாஸ் சிக்ஸ். மை டாட் யூஸ்டு டு ரன் பிஹைண்ட் மீ, ஹோல்டிங் தி சீட், அண்ட் ஒன் ஈவ்னிங் ஹி ஜஸ்ட் லெட் கோ வித்அவுட் டெல்லிங் மீ.' கடினமான சொல் ஒன்றுகூட இதில் இல்லை. காலம் சரியாக அமைந்ததும், சீட்டைப் பிடித்திருந்த கை விலகிய அந்த ஒரு மாலை தானாகவே உள்ளே வந்துவிட்டது.

சொற்களைப் பொறுத்தவரை, தமிழில் காரையும் ஓட்டுகிறோம், சைக்கிளையும் ஓட்டுகிறோம். ஆங்கிலத்தில் காருக்கு 'டிரைவ்', சைக்கிளுக்கு 'ரைடு'. தேர்வாளர் இந்தத் தலைப்பில் 'பைக்' என்று சொன்னால் அது சைக்கிள்தான். நான் ஒருமுறை மோட்டார் பைக்கைப் பற்றிக் கால் நிமிடம் பேசிய பிறகே அதை உணர்ந்தேன். சைக்கிளிலிருந்து விழுந்ததற்கு 'ஃபெல் ஆஃப்', செயின் கழன்றதற்கு 'தி செயின் கேம் ஆஃப்', பழகுபவர்களுக்காகப் பின்புறம் பொருத்தும் சிறு சக்கரங்களுக்குப் பிரிட்டிஷ் வழக்கில் 'ஸ்டெபிலைசர்ஸ்', அமெரிக்க வழக்கில் 'டிரெய்னிங் வீல்ஸ்' என்று சொல்லலாம். குரங்கு பெடலுக்கு நேரான சொல்லைத் தேடி நான் ஒரு மாலையை வீணாக்கினேன். 'தி பைக் வாஸ் டூ பிக், ஸோ ஐ புட் ஒன் லெக் த்ரூ தி ஃப்ரேம்' என்று விளக்கிவிட்டாலே போதும். தெரியாத சொல்லை வேறு சொற்களால் விளக்கும் திறனும் சொல்வளத்துக்கான மதிப்பீட்டில் சேரும்.

மனப்பாடம் செய்த நீண்ட பதில்கள் வேண்டாம். இரண்டு முதல் நான்கு வாக்கியங்கள் போதும். இப்போது ஓட்டுகிறீர்களா என்ற கேள்விக்கு மட்டும் 'ஐ ஹேவன்ட் ரிடன் ஒன் ஃபார் இயர்ஸ்' என்பது போன்ற ஒரு வாக்கியத்தைக் கைவசம் வைத்திருங்கள். கடந்தகாலத்திலிருந்து நிகழ்காலத்துக்கு நீங்கள் சிக்கலின்றி வருவதை அது காட்டும்.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் இரண்டு ஐயங்களை எழுப்பியிருந்தார்கள். சைக்கிளே இல்லாமல் வளர்ந்தவர் பொய் சொல்ல வேண்டுமா என்பது முதலாவது. தேவையில்லை, மதிப்பெண் மொழிக்குத்தானே தவிர, சைக்கிளுக்கு இல்லை. 'நோ, ஐ நெவர் ஹேட் ஒன், பட் ஐ யூஸ்டு டு பாரோ மை கசின்ஸ்' என்று உள்ளதைச் சொல்லிக் காரணத்தையும் சேர்த்தால், அதுவே முழுமையான பதில். 'வில்' என்பதை விட்டுவிட்டு எல்லா வாக்கியத்திலும் 'யூஸ்டு டு' போடத் தொடங்கிவிட்டேன், அது சரியா என்பது இரண்டாவது. ஒரே ஒரு முறை நடந்ததற்கு அது வராது. ஒருநாள் வளைவில் திரும்பும்போது விழுந்ததை 'ஐ ஃபெல் ஆஃப்' என்றுதான் சொல்ல வேண்டும். 'ஐ யூஸ்டு டு ஃபால் ஆஃப்' என்றால், நீங்கள் நாள் தவறாமல் விழுந்துகொண்டிருந்ததாகவே தேர்வாளர் எடுத்துக்கொள்வார்.