கடலடி நிலநடுக்கம்: காம்பஸைக் கீழே வையுங்கள்

பாளையங்கோட்டையில் புவியியல் மாணவர்களின் வரைபடங்களைத் திருத்த உட்கார்ந்தால், நான் படித்த காலத்துப் பிழைகளே புதுக் கையெழுத்தில் வருகின்றன. அளவுகோல் விட்டுப்போனது, திசை போடாதது எல்லாம் இருக்கட்டும். கடலடி நிலநடுக்கத்தையும் சுனாமியையும் குறிக்கும்போது வரும் பிழைகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

அச்சன்கோவிலை இழுப்பது

கடல் நடுங்கினாலும் காரணமாக அச்சன்கோவில் பிளவை இழுக்கிறார்கள். அது கேரள-தமிழக எல்லைப் பக்கம் தரையில், 50 கோடி ஆண்டுக்கும் முந்தைய பாறையில் கிடக்கும் பழைய பிளவு. கடல் நிலநடுக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மேல்மையத்தை மட்டும் நம்புவது

இதற்குத்தான் இன்னும் கோபம் வருகிறது. 2004 டிசம்பர் 26-க்கு, சுமத்ரா ஓரம் மேல்மையம் என்று ஒரு சிவப்புப் புள்ளி. அதில் காம்பஸை ஊன்றி, நம் நெல்லைக் கடற்கரை உவரி வரை ஒரு வட்டம். "பங்களாதேஷும் இதே தூரந்தான சார், அங்கயும் இதே அலைதான அடிச்சிருக்கும்?" என்கிறான் பையன்.

இல்லலே. அந்தப் புள்ளி, பாறை உடையத் தொடங்கிய இடம் மட்டும்தான். பூமியின் மேலோட்டுத் துண்டான இந்தியத் தட்டு, பர்மா நுண்தட்டுக்கு அடியில் சொருகும் பிளவு அது. காலை 6.29-க்கு அங்கே பிய்ந்தது, அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் கிழிந்துகொண்டே போனது. நெல்லையிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பும் தூரம், பத்து நிமிடத்துக்குள். அந்த நீளம் முழுக்கக் கடல்தரை அசைந்தது. வடக்கு தெற்காகக் கிடக்கும் பிளவு, அலையின் பலத்தைக் கிழக்கிலும் மேற்கிலும்தான் தள்ளும். அதனால் மேற்கே இருந்த இலங்கையும் தமிழகமும் அடி வாங்கின. எங்கேயோ இருக்கும் சோமாலியாவிலும் உயிர்கள் போயின. பிளவின் வடமுனைக்கு அப்பால் இருந்த வங்கதேசம் ஏறக்குறையத் தப்பித்தது.

2012 ஏப்ரல் 11-இல் சுமத்ராவுக்கு அப்பால் கடல் நடுங்கிச் சுனாமி எச்சரிக்கை வந்தபோது, உவரிக் கரையில் ஒருவர் செல்போனில் புள்ளியைக் காட்டி, "எங்கயோ கெடக்கு அண்ணாச்சி, சும்மா இருங்க" என்று வலையை விட்டு எழவே இல்லை. அவரைக் காப்பாற்றியது தூரம் அல்ல. அளவு 8.6 என்றாலும், அன்று தட்டு பக்கவாட்டில் நழுவியது. கடல்தரை பெரிதாக மேலெழும்பவில்லை. அதே 8.6 சொருகுபிளவில் வந்திருந்தால்?

"பக்கவாட்டுப் பிளவா, சுனாமி வராது"

2018 செப்டம்பரில் இந்தோனேசியாவின் பாலுவில் வந்தது. 7.5-தான்.

"இலங்கை மறைத்துக்கொள்ளும்"

2004-இல் அலை இலங்கையைச் சுற்றி வளைந்து வந்து, குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையிலுள்ள குளச்சலில் அடித்தது. போதுமா?

முதல் எண்ணை முடிவாக எழுதுவது

2004-இல் ஹவாய் சுனாமி எச்சரிக்கை மையம் முதலில் சொன்ன அளவு 8.0; பிற்பாடு விஞ்ஞானிகள் கணக்கிட்டது 9.1. ஆற்றலில் அந்த இடைவெளி நாற்பது மடங்குக்கும் மேல். எண்ணை எழுதும்போது, எத்தனை மணிக்கு வந்த அறிவிப்பு என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.