வைட்டமின் டி சொட்டும் குழந்தையின் ஆஸ்துமாவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வந்துவிட்டால் பெற்றோருக்கு ஒரு நிம்மதி. இளைப்புக்குக் காரணம் பிடிபட்டுவிட்டதே! தவறுகள் அங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன. வேளை தவறுவது, புட்டியைத் திறந்தே வைப்பது போன்றவை யாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுவோம்.

சொட்டு வந்ததும் இன்ஹேலரை நிறுத்துவது

எத்தனை முறை சொன்னாலும் ஓயாத தவறு இது. நடப்பதும் எப்போதும் ஒரே மாதிரிதான். சொட்டு தொடங்கிய வாரமே தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலர் அலமாரிக்குள் போய்விடும். இரண்டு மூன்று வாரம் குழந்தை நன்றாக ஓடியாடும். "பார்த்தீங்களா, சொட்டு வேலை செய்யுது" என்பார்கள். உண்மையில் அதுவரை உறிஞ்சிய ஸ்டீராய்டின் மிச்சப் பலன்தான் அது. மருந்து நின்றபின் மூச்சுக்குழாயின் உட்சுவர் சத்தமில்லாமல் மறுபடி வீங்கத் தொடங்கும். அடுத்த சளி பிடிக்கும்போது, நள்ளிரவில் நெஞ்சு இறுகி நெபுலைசரைத் தேடி ஓட வேண்டிவரும்.

2020-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆஸ்துமாவோடு வைட்டமின் டி குறைவும் இருந்த 6 முதல் 16 வயது வரையுள்ள 192 பேரில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 4000 யூனிட் வீதம் 48 வாரம் கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரும் தொடர்ந்தது. அப்படியும் கடும் தாக்குதல் தள்ளிப்போகவில்லை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2016-இல் வைட்டமின் டி பற்றி நம்பிக்கை தந்தது; அதுவும் புதிய ஆய்வுகளைச் சேர்த்துக்கொண்ட 2023 பதிப்பில் பலன் எதையும் காணவில்லை.

குறைபாடும் ஆஸ்துமாவும் சேர்ந்தே தென்படுவது மெய்தான். ஆனால் மூச்சு இளைக்கும் குழந்தை வெயிலில் விளையாடுவதும் குறைவு, குறைபாடு அதனாலும் வரலாம். குறைபாட்டைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும், அது எலும்புக்காக. அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கும் குழந்தைக்கு இன்னும் அவசியம். இன்ஹேலர் அளவைக் குறைப்பது தனி விஷயம். மூன்று மாதமாவது ஆஸ்துமா நன்றாகக் கட்டுக்குள் இருந்த பிறகு, மருத்துவர் பார்த்துப் படிப்படியாகக் குறைப்பார்.

டிராப்பர் மாறிப்போவது

ஒரு புட்டியில் 1 மில்லியில் 400 யூனிட், இன்னொன்றில் ஒரே சொட்டில் 400. முதல் புட்டியின் பழக்கத்தில் இரண்டாவதிலிருந்து 1 மில்லி உறிஞ்சிக் கொடுத்தால் அளவு பல மடங்கு எகிறிவிடும். லேபிளில் மைக்ரோகிராம் என்று இருந்தால் 40-ஆல் பெருக்குங்கள்: 10 மைக்ரோகிராம் என்பது 400 யூனிட். குறைபாடு இல்லாத குழந்தைக்கு 1 வயது வரை நாளுக்கு 400, அதற்குமேல் 600 போதும். வாரம் ஒரு முறை என்று எழுதிய மருந்தைத் தினமும் கொடுப்பதும் இதே ஆபத்துதான். இந்த வைட்டமின் கொழுப்பில் கரைவதால் மிஞ்சியது சிறுநீரோடு போய்விடாது. உடலில் தங்கி, ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும். வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் சொட்டை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரிப்போர்ட்டில் அலகைப் பார்க்காதது

ரத்தத்தில் வைட்டமின் டி அளவை இரண்டு அலகுகளில் எழுதுவார்கள், எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிடாதீர்கள்: மில்லிக்கு 20 நானோகிராம் என்பதும் லிட்டருக்கு 50 நானோமோல் என்பதும் ஒன்றே. பார்க்க வேண்டிய பரிசோதனை 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி.

ஜன்னலோர வெயில்

தோலில் வைட்டமின் டி உருவாக வெயிலின் யுவிபி கதிர் வேண்டும், மூடிய கண்ணாடி வழியே அது வராது.

இளைப்பு வந்தபின் சொட்டைக் கூட்டுவது

வீண். அந்த நேரத்துக்கு மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர்தான். ஸ்பேசரில் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாயில்) ஒரு பஃப் அடித்து ஐந்தாறு மூச்சு இழுக்கவிட்டு, பிறகு குலுக்கி அடுத்த பஃப். விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கினாலோ, பேச்சு துண்டு துண்டாக வந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பஃப் கொடுத்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.