ஸ்காட்லாந்து ராஜாவை வைத்து வடசென்னையில் பட்டிமன்றம்: நடத்துவது எப்படி?

வாசகசாலை ஆண்டு விழா, பொங்கல் கலைநிகழ்ச்சி, முன்னாள் மாணவர் கூட்டம் என்று வடசென்னையில் பட்டிமன்றம் வைக்கச் சாக்குக்குப் பஞ்சமில்லை. தலைப்புகள்தான் தேய்ந்துவிட்டன. மாமியாரா மருமகளா, பணமா குணமா என்று வைத்தால் மூன்றாவது பேச்சாளர் எழுந்திருக்கும்போது பாதி நாற்காலி காலி. பிரிட்டிஷ் அரச குடும்பத்தை ஸ்காட்லாந்துக்காரர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது இங்கே யாரும் தொடாத தலைப்பு; இரண்டு அணிக்கும் சரக்கும் சமமாகக் கிடைக்கும்.

தலைப்பை இப்படி வையுங்கள்: "ஸ்காட்லாந்தில் அரச குடும்பம் நிலைத்து நிற்பது பாசத்தாலா, பழக்கத்தாலா?" "ராஜா வேண்டுமா, வேண்டாமா?" என்று மட்டும் வைக்காதீர்கள். ஜார்ஜ் டவுன் என்று ஒரு ராஜாவின் பெயரையே சுமக்கிற இடத்தில் அப்படிக் கேட்டால் ஐந்தாவது நிமிடமே பேச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தாவிவிடும். கைதட்டல் கிடைக்கும், பட்டிமன்றம் கிடைக்காது.

நடுவரைத் தவிர அணிக்கு மூன்று பேர் போதும். நடுவர் முன்னுரை 15 நிமிடம், ஆளுக்கு 12 நிமிடம், ஒவ்வொரு பேச்சுக்கும் பிறகு நடுவர் 4 நிமிடம், தீர்ப்பு 20 நிமிடம். மொத்தம் 131 நிமிடம். மாலை ஆறரைக்குத் தொடங்கினால் எட்டே முக்காலுக்குள் முடிந்துவிடும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் வரவேற்புரை, பொன்னாடை இதற்கெல்லாம் அரை மணிக்கு மேல் கொடுக்காதீர்கள். நேரத்தை விழுங்குவது எப்போதும் பொன்னாடைதான். காசிமேடு பக்கம் என்றால் சனிக்கிழமை ராத்திரி வேண்டாம். ஞாயிறு விடியலில் மீன் ஏலம் உச்சத்தில் இருக்கும், அதற்குப் போகிறவர்கள் உங்களுக்காகக் கண்விழிக்க மாட்டார்கள்.

நடுவர் முன்னுரையை உள்ளூரிலிருந்தே தொடங்கலாம். ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1837இல் அரண்மனைக்காரத் தெருவில் தொடங்கிய பள்ளிதான் பிற்பாடு சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. கல்லூரி 1937இல் தாம்பரம் போகும்வரை பாரிமுனைப் பக்கத்தில்தான் இருந்தது. இதை இரண்டு நிமிடத்துக்கு மேல் இழுக்கக் கூடாது.

அடுத்தது எல்லாப் பேச்சாளருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டியது. லண்டன் ராஜா படையெடுத்து ஸ்காட்லாந்து மகுடத்தைப் பிடுங்கிக்கொண்டார் என்றுதான் பலர் நினைத்துக்கொண்டு வருவார்கள். நடந்தது தலைகீழ். 1603இல் வாரிசில்லாமல் இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத் இறந்தபோது, ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ்தான் லண்டன் போய் இங்கிலாந்துக்கு முதலாம் ஜேம்ஸ் ஆனார். நாடாளுமன்றங்கள் ஒன்றானது அதற்கு நூறாண்டு கழித்து, 1707இல். இந்த இரண்டு ஆண்டுகளையும் குழப்பிக்கொள்ளும் பேச்சாளர் எதிரணிக்குத் தன் கையாலேயே ஆயுதம் கொடுக்கிறார்.

பாச அணிக்கு முதல் சான்று 2022 செப்டம்பர். இரண்டாம் எலிசபெத் இறந்ததே ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகையில், 8ஆம் தேதி. தலைநகர் எடின்பரோவின் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தில் ஒரு நாள் வைக்கப்பட்ட பெட்டியைப் பார்க்க ஏறத்தாழ 33,000 பேர் வரிசையில் நின்றார்கள். பெட்டியின்மேல் இருந்தது ஸ்காட்லாந்தின் மகுடம். அடுத்து, எடின்பரோவின் ஹோலிரூட் அரண்மனையில் ராஜா வந்து தங்கும், ஆண்டுதோறும் கோடையில் நடக்கும் ஹோலிரூட் வாரம். ராஜா வந்ததும் எடின்பரோ நகரத் தலைவர் நகரச் சாவியை நீட்டுவார், ராஜா வாங்கி உடனே திருப்பிக் கொடுத்துவிடுவார். அரண்மனைத் தோட்டத்தில் சுமார் 8,000 பேருக்குத் தேநீர் விருந்து. செப்டம்பர் முதல் சனிக்கிழமை பிரேமாரில் நடக்கும் மலைநாட்டு விளையாட்டுகளுக்கும் அரச குடும்பம் வரும்.

பழக்க அணிக்கு இதைவிடக் காரமான சரக்கு உண்டு. எலிசபெத்துக்கு "இரண்டாம்" என்று எண் போட்டார்களே, முதலாம் எலிசபெத் ஸ்காட்லாந்தை ஆண்டதே இல்லை. அந்த எண் பொறித்த தபால்பெட்டி ஒன்றை எடின்பரோவில் வைத்தார்கள். 1953 பிப்ரவரியில் யாரோ அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதன்பின் ஸ்காட்லாந்தின் புதுப் பெட்டிகளில் எண் போய், ஸ்காட்லாந்து மகுடம் மட்டும் வந்தது. அதே ஆண்டு ஜூனில் செயின்ட் ஜைல்ஸில் ஸ்காட்லாந்தின் மகுடமும் செங்கோலும் வாளும் எடுத்துவரப்பட்ட சடங்குக்கு ராணி சாதாரண உடையில், கைப்பையோடு வந்து நின்றார். பலருக்கு மனத்தாங்கல். அந்தக் காட்சியை வரைந்த ஓவியர் கைப்பையை விட்டுவிட்டார் என்பதை மூன்றாவது பேச்சாளருக்கு ஒதுக்குங்கள், அரங்கம் சிரிக்கும். 2023 ஜூலை 5இல் மூன்றாம் சார்லஸ் பச்சை அங்கியோடு வந்து அதே மகுடத்தைத் தொட்டார், தலையில் வைக்கவில்லை. வெளியே "இவர் என் ராஜா இல்லை" என்ற அட்டைகளோடு ஒரு கூட்டமும் நின்றது.

பாச அணி அடிக்கடி சறுக்குவது எண்ணிக்கையில். 33,000 பேர் வந்தார்கள், ஆகவே ஸ்காட்லாந்து முழுக்க ராஜா பக்கம் என்று முடிச்சுப் போடுவார்கள். துக்கத்துக்கு வருவது வேறு, ஓட்டுப் போடுவது வேறு என்பதை நம்மூர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கருத்துக்கணிப்புகளில் இங்கிலாந்தைவிட ஸ்காட்லாந்தில் ஆதரவு குறைவு, இளைஞரிடம் இன்னும் குறைவு. பழக்க அணி சறுக்குவது வேறிடத்தில்: தனிநாடு கேட்பவரெல்லாம் ராஜாவை வெறுப்பவர் என்பார்கள். பிரிட்டனிலிருந்து பிரிவதா என்று 2014இல் நடந்த வாக்கெடுப்பின்போது, தனிநாடு கேட்ட ஸ்காட்லாந்து அரசே, பிரிந்தாலும் ராணிதான் நாட்டின் தலைவர் என்று எழுதிக் கொடுத்திருந்தது. அதில் 55 சதவீதம் பேர் பிரிய வேண்டாம் என்றார்கள். அந்தக் கணக்கையும் ராஜாவுக்கு விழுந்த ஓட்டாகக் காட்டக் கூடாது.

இன்னொரு பொறி மதம். இங்கிலாந்துத் திருச்சபைக்கு ராஜா தலைவர். ஸ்காட்லாந்துத் திருச்சபைக்கு இல்லை. அங்கே அவர் உறுப்பினர் மட்டுமே. அதைக் காப்பேன் என்று பதவியேற்றதும் உறுதிமொழி எடுப்பார், அவ்வளவுதான். ராயபுரத்துக் கூட்டத்தில் இதில் தவறினால் முன்வரிசையிலிருந்தே திருத்தம் வரும்.

வியாசர்பாடியில் நடத்தினால் சிங்கக் கொடியைப் பேசாமல் விடாதீர்கள். மஞ்சளில் சிவப்புச் சிங்கம் பாயும் அந்தக் கொடி சட்டப்படி ராஜாவுக்குரியது. ஆனால் ஸ்காட்லாந்து கால்பந்து ஆட்டத்துக்குப் போனால் ரசிகர்கள் கையில் அதுதான் பறக்கும். பந்து விளையாடும் பேட்டையில் பத்து நிமிட விளக்கத்தைவிட இந்த ஒரு சான்று வேலை செய்யும். எந்த அணி முந்திக்கொள்கிறதோ அதற்கே லாபம், ஏனென்றால் இரண்டு பக்கமும் பேசலாம்.

மைக் செட்டுக்குக் குழாய் ஸ்பீக்கர் வேண்டாம், இரண்டு பெட்டி ஸ்பீக்கர் போதும். குறுகலான தெருவில் குழாய் ஒலி எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி, சிலேடையெல்லாம் கூழாகிவிடும். காவல் நிலைய அனுமதிக் கடிதத்தை ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

தீர்ப்பில் "இரண்டும்தான்" என்று நழுவும் நடுவரை அழைக்காதீர்கள். சடங்குகளில் பாசம், அரசியலில் பழக்கம் என்று பிரித்துவிட்டு, எது போனால் முடியாட்சி விழும் என்று கேட்டு ஒரு பக்கம் சாய வேண்டும்.

கடைசியில் கேள்விக்குப் பத்து நிமிடம் விட்டால் முதல் கேள்வி "செலவு யாருடையது?" என்றுதான் வரும். பதிலை நடுவர் துண்டுச்சீட்டில் வைத்திருக்கட்டும்: அரச மானியம் பிரிட்டிஷ் கருவூலத்திலிருந்து வருகிறது, ஸ்காட்லாந்திலுள்ள மகுடச் சொத்துகளை (ராஜாவின் சொந்தமாக இல்லாமல் மகுடத்தின் பெயரில் இருப்பவை) 2017 முதல் தனி அமைப்பு பார்க்கிறது, அதன் உபரி ஸ்காட்லாந்து அரசுக்குப் போகிறது, பால்மோரல் மட்டும் குடும்பத்தின் சொந்தச் சொத்து.