38.5 என்றால் எவ்வளவு காய்ச்சல்?

"38.5தான் காட்டுதுண்ணே, காய்ச்சல் இல்லதானே?" புதுசாக டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிப்போனவர்கள் என் மருந்துக் கடைக்கு போன் போட்டுக் கேட்பது பெரும்பாலும் இதுதான். நம் ஊரில் காய்ச்சல் என்றாலே நூறு, நூற்றிரண்டு என்று ஃபாரன்ஹீட் கணக்கு. வெயில்கூட 100-ஐத் தாண்டினால்தான் பேப்பரில் 'சதம் அடித்தது' என்று வரும். கருவி செல்சியஸில் காட்டினால் குழம்பத்தான் செய்வார்கள். 38.5 என்பது 101.3. நல்ல காய்ச்சல்.

பள்ளியில் படித்த சூத்திரம் 9/5-ஆல் பெருக்கி 32 கூட்டுவது. நடு ராத்திரியில் பிள்ளை அனத்தும்போது யாரால் 9/5 போட முடியும்? காய்ச்சலுக்கு ஒரே ஒரு ஜோடியை நினைவில் வையுங்கள்: 38 என்றால் 100.4. அங்கிருந்து அரை டிகிரி ஏற ஏற 0.9 கூட்டிக்கொண்டே போகலாம். 39 என்றால் 102.2, 40 என்றால் 104. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 வந்தாலே டாக்டரிடம் போய்விட வேண்டும். மருந்து கேட்டு என்னிடம் வரக்கூடாது.

மற்ற எண்களுக்கு இரட்டிப்பாக்கி, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, 32 கூட்டுங்கள். 37-க்கு 74, 7.4 போனால் 66.6, 32 சேர்த்தால் 98.6. தோராயம் இல்லை, சரியான விடையே இதுதான். திருப்பிப் போட 32-ஐக் கழித்து, பாதியாக்கி, அந்தப் பாதியில் பத்தில் ஒன்றைச் சேர்க்கவும். 102-க்கு 70, 35, 38.5. உண்மையான விடை 38.9, கொஞ்சம் குறைத்தே காட்டும்.

"காய்ச்சல் ரெண்டு டிகிரி குறைஞ்சிருக்கு" என்பதை மாற்றும்போது மட்டும் 32 பக்கம் போகாதீர்கள். வித்தியாசத்துக்கு 1.8-ஆல் பெருக்கினால் போதும். செல்சியஸில் இரண்டு குறைந்தால் ஃபாரன்ஹீட்டில் 3.6.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு: பல தெர்மாமீட்டர்களில் அணைத்த நிலையில் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் செல்சியஸ் ஃபாரன்ஹீட்டாக மாறிவிடும். பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருப்பார்கள். அதைத்தான் எல்லோரும் முதலில் தூக்கிப் போடுகிறார்கள்.

கெல்வின் உங்கள் பிள்ளையின் இயற்பியல் பாடத்துக்கு: செல்சியஸோடு 273.15 கூட்டினால் முடிந்தது.

அப்புறம் இன்சுலின். பிரிக்காத மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ், அதாவது ஏறக்குறைய 36 முதல் 46 ஃபாரன்ஹீட். ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரை ஒட்டி வைக்காதீர்கள்; ஒருமுறை உறைந்துவிட்டால் உருகிய பிறகும் அதைப் போடக்கூடாது.