நடுத்தரக் காற்றாலைகளுக்குச் சந்தை மதிப்பீடு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாசர்பாடி தொழிற்பேட்டையிலும் மாதவரம், மணலி, திருவொற்றியூர்ப் பகுதிகளிலும் உள்ள பட்டறைகளுக்கு வங்கிக் கடனுக்கான திட்ட அறிக்கை எழுதிக் கொடுப்பது என் தொழில். காற்றாலைப் பாகங்களைக் கடைந்து கொடுக்கலாம் என்ற ஆசை இந்தப் பட்டறைகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைதூக்கும். இப்போதும் தூக்கியிருக்கிறது. இளைஞர்கள் எழுதிய சில அறிக்கைகள் சரிபார்ப்பதற்காக என்னிடம் வந்தன. எங்கள் தலைமுறையினர் செய்துவந்த அதே பிழைகள் அவற்றில் வண்ண வரைபடங்களோடு இருக்கின்றன. கூட்டல் பிழை, மெகாவாட்டையும் யூனிட்டையும் குழப்புவது போன்றவற்றை வங்கி அதிகாரியே கண்டுபிடித்துவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அளவின் எல்லையைச் சொல்லாமல் எண்களைக் கூட்டுவது

அமெரிக்க எரிசக்தித் துறையின் அறிக்கைகளில் நடுத்தர இயந்திரம் என்பது 100 கிலோவாட்டுக்கு மேல் 1 மெகாவாட் வரை. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு ரீபவரிங் (பழைய காற்றாலைகளை மாற்றிப் புதியவை வைப்பது) கொள்கை 1 மெகாவாட்டும் அதற்குக் கீழும் உள்ளவற்றைப் பற்றிப் பேசியது. 2023-இல் வந்த திருத்திய கொள்கை 2 மெகாவாட்டுக்குக் குறைந்த அனைத்தையும் சேர்த்துக்கொண்டது. இந்த மூன்றிலிருந்தும் எண்களை எடுத்து ஒரே அட்டவணையில் அடுக்கினால், வராத வளர்ச்சி வந்துவிட்டதைப் போலத் தோன்றும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை என்று எழுதுங்கள்.

எண்ணூரில் நல்ல காற்று என்று எழுதுவது

அடிக்கிறது, விற்கும் அளவுக்கு அடிக்கவில்லை. அந்தக் காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் கணவாய்களில் இருக்கிறது.

ரீபவரிங் வாய்ப்பை நடுத்தர இயந்திரங்களின் தேவையாகக் காட்டுவது

பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம், 2 மெகாவாட்டுக்குக் குறைந்த இயந்திரங்களைக் கணக்கில் கொண்டு, நாட்டின் ரீபவரிங் வாய்ப்பு 25.4 ஜிகாவாட் என்று மதிப்பிட்டிருக்கிறது. மதிப்பீட்டின் மீது எனக்குக் குறை இல்லை. அதை எடுத்து நம்மவர்கள் போடும் கணக்கைப் பார்க்கும்போதுதான் இன்றும் எரிச்சல் வருகிறது. 25,400 மெகாவாட்டை 500 கிலோவாட்டால் வகுத்து, 50,800 இயந்திரங்கள் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் இறகுகளைப் பொருத்தும் ஹப் ஒன்று, அதைச் சுமக்கும் மெயின் ஷாப்ட் ஒன்று, ஒரு கியர்பாக்ஸ் உறை எனப் பெருக்கி, அதில் நூற்றில் ஒரு பங்கு நமக்குக் கிடைத்தால்கூடப் போதும் என்று பணிவோடு முடிக்கிறார்கள். அந்தப் பணிவுதான் வங்கியையும் ஏமாற்றுகிறது.

ரீபவரிங் என்றால் பழைய சிறிய இயந்திரங்களைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பெரியவற்றை நிறுத்துவது. இன்று புதிதாக நிற்பவை 2, 3 மெகாவாட் அளவிலும் அதற்கு மேலும் இருப்பவை. அவற்றில் பல, இறக்கை வட்டத்தின் விட்டம் 140 மீட்டரைத் தாண்டியவை. ஆகவே அந்த 25.4 ஜிகாவாட் முழுவதும் நடைமுறைக்கு வந்தால், நடுத்தர இயந்திரம் என்ற இனமே தமிழ்நாட்டுக் கணவாய்களிலிருந்து மறைந்துபோகும். விம்கோ நகருக்கு மெட்ரோ ரயில் வருகிறது, ஆகவே ஷேர் ஆட்டோ உதிரிபாகம் கூடுதலாக விற்கும் என்று கடை போடுவதற்கும் இந்தக் கணக்குக்கும் வேறுபாடு இல்லை.

வியாசர்பாடியில் ஒரு பட்டறை உரிமையாளரிடம் இதையெல்லாம் ஒருமுறை விளக்கினேன். “சார், இருபத்தஞ்சாயிரம் மெகாவாட்டுன்னு கவர்மென்ட்டே சொல்லுது, நீங்க இன்னா யோசிக்கிறீங்க?” என்று கேட்டார். வேறொருவரிடம் அறிக்கை எழுதி வாங்கிக் கடன் பெற்று, 500 கிலோவாட் இயந்திர ஹப்பைத் தாங்கும் அளவிலான போரிங் மெஷின் (உலோகத்தில் பெரிய துளை கடையும் இயந்திரம்) ஒன்றை இறக்கினார். ஹப்புக்கான ஆர்டர் வரவில்லை. அந்த மெஷினில் இப்போது பிரஸ் சட்டங்களுக்குத் துளை போடுகிறார்கள். தவணை மட்டும் காற்றாலைக் கணக்கிலேயே போய்க்கொண்டிருக்கிறது.

இதைவிட வருத்தம் என்னவென்றால், அவர் தேடிய சந்தை ஒன்று உண்மையிலேயே இருந்தது. அது ரீபவரிங் நடக்காத இடத்தில் இருந்தது. பழைய இயந்திரங்கள் ஏன் இன்னும் நிற்கின்றன என்று அறிக்கை எழுதியவர் கேட்டிருந்தால் அது கண்ணில் பட்டிருக்கும். முதல் காரணம் நிலம். இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே இறக்கை வட்ட விட்டத்தைப் போல 5 முதல் 7 மடங்கு இடைவெளி விடுவது வழக்கம். விட்டம் 40 மீட்டர் இருந்தபோது 200 முதல் 280 மீட்டர் போதும். 140 மீட்டர் ஆகும்போது 700 முதல் 980 மீட்டர் வேண்டும். அந்தக் கணக்கில், பழைய இயந்திரங்கள் பன்னிரண்டு பிடித்த பரப்பை ஒரே புதிய இயந்திரம் கேட்கும். அந்தப் பன்னிரண்டும் ஒருவருடையவை அல்ல. ஒரு நூற்பாலைக்கு இரண்டு, ஒரு சிமென்ட் வியாபாரிக்கு ஒன்று என்று பிரிந்து கிடப்பவை. அத்தனை பேரும் ஒரே காகிதத்தில் கையெழுத்திட வேண்டும்.

இரண்டாவது காரணம் பேங்கிங். காற்று மிகுந்த மாதங்களில் உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்வாரியத்தின் கணக்கில் வைத்துவிட்டு, ஆண்டின் பிற மாதங்களில் ஆலைக்கு எடுத்துக்கொள்ளும் வசதி பழைய இயந்திரங்களுக்குச் சொந்தப் பயன்பாட்டின் பேரில் கிடைத்துவந்தது. கடன் அடைந்து, தேய்மானம் முழுவதும் எழுதித் தீர்ந்த ஓர் இயந்திரம் தரும் ஒவ்வொரு யூனிட்டும் ஆலையின் மின்கட்டணத்தில் நேராகக் கழிகிறது. அதைக் கழற்றிப் புதியதை வைத்தால் பழைய வசதிகள் அப்படியே தொடருமா என்ற ஐயத்தோடு எந்த நூற்பாலை முதலாளி கை வைப்பார்? தமிழ்நாடு அரசு 2024-இல் தனது ரீபவரிங், புதுப்பித்தல், ஆயுள்நீட்டிப்புக் கொள்கையை வெளியிட்டபோது, உரிமையாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தவற்றில் கட்டணங்களும் பேங்கிங்கும் இருந்தன.

ஆக, 225, 250, 500 கிலோவாட் இயந்திரங்கள் இன்னும் சுற்றுகின்றன. அவற்றைச் செய்த நிறுவனங்களில் சில இன்று இல்லை; இருப்பவையும் அந்த மாடல்களைக் கைவிட்டுவிட்டன. இயந்திரத்தின் தலையைக் காற்றின் பக்கம் திருப்பும் யா டிரைவின் பற்சக்கரம், பிரேக் டிஸ்க், இறகு நுனி பிரேக்கின் ஹைட்ராலிக் சிலிண்டர், கியர்பாக்ஸில் வேகமாகச் சுழலும் சிறு பற்சக்கரமான ஹைஸ்பீடு பினியன் ஆகியவற்றை மாதிரியைப் பார்த்து அளவெடுத்துச் செய்து தருபவருக்கு வேலை இருக்கிறது. அதற்குப் பெரிய போரிங் மெஷின் தேவையில்லை; நல்ல கியர் கிரைண்டிங்கும், வெப்பப் பதப்படுத்தலில் தேர்ந்த ஆளும், அளவீட்டுக் கருவிகளும் தேவை. இந்தச் சந்தையை மெகாவாட்டில் எழுதாதீர்கள். எந்த மாடல், எத்தனை நிற்கின்றன, எந்த ஆண்டு நிறுவியவை, எந்தப் பாகம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை போகிறது என்று எழுதுங்கள். உடுமலைப்பேட்டையிலும் ஆரல்வாய்மொழியிலும் பராமரிப்புக் குழுவினரோடு உட்கார்ந்து பேசினால் அந்தப் பட்டியல் கிடைக்கும். சென்னையில் உட்கார்ந்து கிடைக்காது. அதே அறிக்கையில், ரீபவரிங் வேகம் பிடித்தால் இந்த வருமானம் எந்த ஆண்டில் வற்றும் என்ற வரியும் இருக்க வேண்டும். கடன் காலம் அதற்குள் முடிய வேண்டும்.

சலுகையைக் காற்றின் வளர்ச்சி என்று எண்ணுவது

நம் நாட்டில் காற்றாலை நிறுவலின் ஏற்ற இறக்கத்தை ஆண்டுவாரியாக வரைந்து பார்த்தால் வருமானவரிச் சட்டத்தின் நிழல் தெரியும். இயந்திர விலையின் பெரும்பகுதியை முதல் ஆண்டிலேயே வருமானத்திலிருந்து கழிக்கவிட்ட 80 சதவீதத் துரித தேய்மானம் 2012 ஏப்ரலில் நின்றது, 2014-இல் திரும்பியது, 2017 ஏப்ரலிலிருந்து 40 சதவீதமானது. நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக இயங்கிய சொத்துக்குப் பாதித் தேய்மானமே கிடைக்கும் என்பதால், செப்டம்பர் இறுதிக்குள்ளும் மார்ச் இறுதிக்குள்ளும் இயந்திரத்தை ஓட்டிக் காட்டிவிடத் துடித்த காலம் ஒன்று இருந்தது. அப்போது வாங்கியவர்கள் ஒன்றிரண்டு இயந்திரங்களோடு நிற்கும் ஆலை முதலாளிகள். நடுத்தர இயந்திரம் அவர்களின் பணப்பைக்கு ஏற்ற அளவு. 2017 பிப்ரவரியில் காற்றாலை மின்சாரத்துக்கான முதல் தேசிய ஏலம் யூனிட்டுக்கு 3.46 ரூபாயில் முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் 2.64 ஆனது. அந்த விலைக்குச் சிறிய இறக்கை வட்டத்தால் ஈடுகொடுக்க இயலாது.

வெளிநாட்டு எண்களிலும் இதே நிழல் உண்டு. பிரிட்டனில் 2010-இல் தொடங்கிய, மின் உற்பத்தியாளருக்குச் சலுகை விலை தரும் திட்டத்தில் 100 முதல் 500 கிலோவாட் வரை ஒரு விலைப் படிநிலை இருந்தது. அதற்காகவே 800, 900 கிலோவாட் இயந்திரங்களின் திறனைக் குறைத்து 500 என்று நிறுவினார்கள். 2019 மார்ச் இறுதியில் திட்டம் புதியவர்களுக்கு மூடப்பட்டது, அதோடு அந்தச் சந்தையும் ஒடுங்கியது. 2019-க்கு முந்தைய பிரிட்டன் வளர்ச்சியை நீட்டி 2030 வரை கோடு போட்ட அறிக்கை ஒன்று இப்போதும் என் மேசையில் இருக்கிறது.

மணலி சாலையில் போகும் இறகுகளைச் சாட்சிக்கு அழைப்பது

அவை ஏற்றுமதிக்குப் போகும் பெரிய இயந்திர இறகுகள். 500 கிலோவாட் இயந்திரத்தின் இறகு 20 மீட்டர் அளவுதான்; அதற்கு இத்தனை நீள டிரெய்லர் வேண்டியதில்லை.

நாமே ஒரு புதிய மாடல் செய்யலாம் என்பது

வடிவமைப்பைச் சோதித்துத் தரும் மாதிரிச் சான்றிதழும், மத்திய புதுப்பிக்கவல்ல எரிசக்தி அமைச்சகத்தின் மாடல் பட்டியலில் இடமும் இல்லாமல் மின்கட்டமைப்போடு இணைக்க முடியாது. அந்தச் செலவை ஒரு பட்டறை தாங்காது.

சீசனை மறந்து பணவரவைப் பன்னிரண்டால் வகுப்பது

உதிரிபாக வேலைக்கும் காற்றுக்கும் ஒரே நாள்காட்டி. மே முதல் செப்டம்பர் வரை காற்று. ஆகவே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பழுதுபார்ப்பு வேலை குவியும். ஆனி, ஆடியில் இயந்திரம் நின்றால் உரிமையாளர் விலை பேச மாட்டார், பாகம் மறுநாளே லாரியில் ஏற வேண்டும் என்பார். ஆகவே மூலப்பொருளை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும், அதற்கு நடைமுறை மூலதனம் வேண்டும். ஐப்பசிக்குப் பிறகு தொலைபேசி ஒலிக்காது. பணமோ, சீசன் கணக்கு முடிந்து ஆலை அலுவலகம் காசோலை எழுதும்போதுதான் வரும். மாதாமாதம் ஒரே தொகை வரும் என்று எழுதிய அறிக்கையோடு கடன் வாங்கியவர், மார்ச் மாதத்தில் இரவு பகலாக வேலை பார்த்துக்கொண்டே தவணை தவறுவார். தவணைத் தொகையைச் சீசனுக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்து அமைக்கும்படி வங்கியிடம் கேட்கலாம். பண வரவு அட்டவணையை மாதவாரியாகக் காட்டிக் கேட்டால் மறுக்காமல் பரிசீலிக்கும் மேலாளர்கள் இருக்கிறார்கள். கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு கேட்டால் அது மறுசீரமைப்பு என்று பதிவாகிவிடக்கூடும்.