டிரான்ஸீவரை முதன்முதலாகச் செருகுகிறீர்களா? துடைத்துவிட்டுச் செருகுங்கள்

இரண்டு நெட்வொர்க் சுவிட்சுகளை 10 ஜிகாபிட் ஃபைபரில் இணைக்க வேண்டும், கையில் ஒரு ஜோடி எஸ்எஃப்பி பிளஸ் மாட்யூல் (மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின் சிக்னலாகவும் மாற்றும் டிரான்ஸீவர்) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: லேபிளைப் படியுங்கள். எஸ்ஆர் என்றால் 850 நானோமீட்டர் ஒளி, மல்டிமோட் (மையம் தடித்த) கேபிள். ஓஎம்3 வகையில் 300 மீட்டர் வரை போகும். எல்ஆர் என்றால் 1310 நானோமீட்டர், சிங்கிள்மோட் (மையம் மெலிந்த) கேபிள், 10 கிலோமீட்டர். இரு முனையிலும் ஒரே வகைதான் இருக்க வேண்டும். சிங்கிள்மோட் கேபிள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். சில சுவிட்சுகள் வேறு நிறுவன மாட்யூலை ஏற்காது. வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

படி 2: மாட்யூலை போர்ட்டில் தள்ளுங்கள். 'டக்' என்று உட்கார வேண்டும். தூசி மூடியை இப்போது கழற்ற வேண்டாம்.

படி 3: துடையுங்கள். எல்லாரும் தாண்டிப் போகிற படி இதுதான். சிங்கிள்மோட் ஃபைபரில் ஒளி ஓடும் மையம் சுமார் 9 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அதன் நடுவே ஒரு தூசி உட்கார்ந்தாலே ஒளி மறைந்துபோகும். புதுக் கேபிள்தானே என்று நான் ஒருமுறை துடைக்காமல் செருகிவிட்டு, அரை நாள் சுவிட்ச் செட்டிங்கையே தோண்டிக்கொண்டிருந்தேன். கோளாறு கேபிள் நுனியில் இருந்தது. பேனா மாதிரி இருக்கும் ஃபைபர் கிளீனரை நுனியில் பொருத்தி, 'கிளிக்' சத்தம் வரும்வரை அழுத்துங்கள். தூசி மூடியைக் கழற்றி, மாட்யூல் பக்கமும் அப்படியே. சட்டை நுனியால் துடைப்பது, வாயால் ஊதுவது இரண்டும் கூடாது. நுனியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே பார்க்காதீர்கள்: 1310 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, அதனால் கண் தானாக இமைத்துக்கொள்ளாது.

படி 4: சரி, இப்போது கேபிளைச் செருகுங்கள். இந்தப் பக்கம் அனுப்பும் இழை அந்தப் பக்கம் வாங்கும் துளைக்குப் போக வேண்டும். விளக்கு எரியவில்லையா? ஒரு முனையில் மட்டும் இரண்டு இழைகளையும் இடம் மாற்றிப் பாருங்கள்.

படி 5: விளக்கு எரிந்ததும் எழுந்துவிடாதீர்கள். மாட்யூலே தன் ஒளி அளவைச் சொல்லும். சுவிட்சின் கட்டளையிலோ, லினக்ஸ் கணினி என்றால் ஈத்டூல் என்ற கட்டளையிலோ பார்க்கலாம். 10 ஜி எல்ஆர் மாட்யூலுக்கு உள்ளே வரும் ஒளி -14.4 டிபிஎம்முக்கு (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) கீழே போகக் கூடாது. -40 என்று காட்டினால் ஒளியே வரவில்லை என்று பொருள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அந்த முனை -2 டிபிஎம் அனுப்புகிறது, இங்கே வருவது -9 டிபிஎம். அதாவது 7 டெசிபெல் இழப்பு. ஐந்தில் ஒரு பங்கு ஒளிதான் மிச்சம். கேபிளோ 2 கிலோமீட்டர். கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபெல் வீதம் 0.7, கனெக்டர்களுக்கு ஒன்றோ ஒன்றரையோ. மீதியை எங்கோ அழுக்கோ இறுக்கமான வளைவோ தின்கிறது. விளக்கு எரிந்தாலும் இதை அப்படியே விடாதீர்கள். மறுபடி துடையுங்கள், கேபிள் மடங்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், அப்புறம் அளவெடுங்கள்.

100 ஜிகாபிட்டுக்கான கியூஎஸ்எஃப்பி28 மாட்யூலுக்கும் இதே வரிசைதான். கூடுதலாக, பிழைதிருத்தம் (ஃபெக்) இரு முனையிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். அதன் மல்டிமோட் வகையான எஸ்ஆர்4 மாட்யூலுக்கு ஃபெக் கட்டாயம்.

கடைசியாகக் கிடைத்த அளவைத் தேதியோடு குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து இணைப்பு தடுமாறும்போது, முதலில் ஒப்பிட வேண்டிய எண் அதுதான்.