பச்சோந்திக் கூண்டுக்கு வெப்பமும் வெளிச்சமும்: கிளையிலிருந்து தொடங்குங்கள்

பச்சோந்தி வளர்க்கத் தொடங்கும் யாரும் முதலில் கேட்பது, எந்த பல்பு வாங்கலாம் என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: அது எந்தக் கிளையில் உட்கார்ந்து வெயில் காயப் போகிறது? பல்பின் வாட், உயரம், டியூப் வைக்கும் இடம் எல்லாமே அந்தக் கிளையைப் பொறுத்ததுதான். பச்சோந்தி வீட்டுக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும். சூடு வேறு, யூவிபி எனப்படும் புற ஊதாக் கதிர் வேறு. பச்சோந்திக்கு இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும். யூவிபி தோலில் பட்டதும் டி3 வைட்டமினுக்கு முந்தைய ஒரு பொருள் உண்டாகிறது. அது முழு டி3 ஆக மாற உடம்புச் சூடு வேண்டும். டி3 குறைந்தால், பூச்சிகளின் மேல் எவ்வளவு கால்சியம் பொடி தூவினாலும் உடம்பில் சரியாகச் சேராது. எலும்பு பலமிழந்து கால்கள் வளையும், தாடை ரப்பர் போலத் தொய்ந்துவிடும். வளைந்த எலும்பு மறுபடி நிமிர்வது அரிது. அதனால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

படி 1: கிளை

விரல் பருமனுள்ள ஒரு கிளையைக் கூண்டின் மேல்வலையிலிருந்து 20 முதல் 23 சென்டிமீட்டர் கீழே, படுக்கை வாட்டில் கட்டுங்கள். பச்சோந்தி உட்கார்ந்தால் அதன் முதுகு கிளைக்குச் சில சென்டிமீட்டர் மேலே இருக்கும். இனி எதை அளந்தாலும் அந்த முதுகின் உயரத்தில்தான் அளக்க வேண்டும். கூண்டுக்கு வெளியே பிடித்துப் பார்த்த அளவு எதற்கும் உதவாது.

படி 2: சூடு

இதற்கென்று விசேஷ பல்பு எதுவும் தேவையில்லை. 40 முதல் 60 வாட் வரையுள்ள சாதாரண குண்டு பல்போ ஹாலோஜனோ போதும். எல்இடி பல்பு இந்த அளவுக்குச் சூடு தராது. வயிற்றுக்குக் கீழே வைக்கும் சூட்டுக்கல்லை வாங்கவே வேண்டாம். பச்சோந்தி மரத்தில் வாழ்வது. அதற்குச் சூடு மேலிருந்துதான் வர வேண்டும்.

டிஜிட்டல் தெர்மாமீட்டரின் உணர்முனையை முதுகு உயரத்தில் கட்டி, பல்பைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். வெயில்டு (Veiled), பாந்தர் (Panther) என்ற இரண்டு பச்சோந்தி இனங்களின் ஆண்களுக்கும் 29 முதல் 31 டிகிரி செல்சியஸ் சரி. பெண்களுக்கு 27 போதும். அதிகச் சூட்டோடு அதிகத் தீனியும் சேர்ந்தால் வெயில்டு பெண் அளவுக்கு மீறி முட்டை வைத்துத் தளர்ந்துபோகும். மலைப்பகுதியிலிருந்து வந்த ஜாக்சன் இனத்துக்கும் 27 டிகிரிக்கு மேல் வேண்டாம். சூடு கூடினால் பல்பை உயர்த்துங்கள், அல்லது டிம்மரால் குறையுங்கள்.

பல்பை வலைமேல் அப்படியே வைக்காதீர்கள். பச்சோந்தி மேல்வலையைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கும். சுடுகிறது என்று அது உடனே விலகும் என நம்பி இருந்துவிடக் கூடாது. கொண்டையிலும் முதுகிலும் தீப்புண் வந்த பிறகுதான் நமக்கே தெரியவரும். வலைக்கும் பல்புக்கும் நடுவே நாலைந்து விரல் இடைவெளி விடுங்கள்.

படி 3: யூவிபி டியூப்

சுருள் பல்பு வேண்டாம், அதன் கதிர் ஒரு சிறு வட்டத்தில்தான் விழும். டி5 ஹெச்ஓ (T5 HO) எனப்படும், அதிக ஒளி தரும் மெல்லிய நீள டியூப், யூவிபி 5 அல்லது 6 சதவீதம் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். சூடு பல்பின் பக்கத்திலேயே, அதே கிளைக்கு மேலே அது வர வேண்டும். முதுகு உயரத்தில் யூவி இன்டெக்ஸ், அதாவது புற ஊதாக் கதிரின் வலிமையைக் காட்டும் எண், 3 அளவில் இருந்தால் நல்லது. அதை அளக்கும் மானி விலை கூடுதல்தான், நண்பரிடம் ஒரு நாள் இரவல் வாங்கினாலும் போதும்.

ஜன்னல் வெயில் படுகிறதே என்று சிலர் டியூபைத் தவிர்த்துவிடுகிறார்கள். கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும். கண்ணாடித் தொட்டியில் நேரடி வெயில் பட்டால் உள்ளே சூடு ஏறி உயிருக்கே ஆபத்து.

படி 4: நிழலும் இருட்டும்

கூண்டின் மேல் மூலை மட்டும் சூடாக இருக்கட்டும். கீழே 22 முதல் 24 டிகிரி இருந்தால் பச்சோந்தி ஏறி இறங்கித் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். நடுவில் மணி பிளான்ட் போல இலை அடர்ந்த செடி வைத்தால் கதிரிலிருந்தும் ஒளிந்துகொள்ளலாம்.

டைமரில் 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் முழு இருட்டு. இரவுக்கு என்று விற்கும் சிவப்பு பல்பும் வேண்டாம், அது தூக்கத்தைக் கெடுக்கும். அறை 15 டிகிரிக்குக் கீழே போகாவிட்டால் இரவில் சூடும் தேவையில்லை. இரவின் குளிர்ச்சி அதற்கு நல்லதே.

படி 5: நிறத்தைப் பாருங்கள்

காலையில் விளக்கு எரிந்ததும் என் பச்சோந்தி இலைக்குள்ளிருந்து மெதுவாக வரும். கிளையில் உட்கார்ந்து உடம்பைத் தட்டையாக்கி, பல்பு இருக்கும் பக்கத்தை மட்டும் காப்பிக்கொட்டை நிறத்துக்குக் கறுக்க வைக்கும். மறுபக்கம் பச்சையாகவே இருக்கும். கால் மணியோ அரை மணியோ ஆனதும் கறுப்பு வடிந்து, பழைய நிறத்தோடு நிழலுக்கு இறங்கிவிடும். உங்கள் கூண்டிலும் இப்படி நடந்தால் ஏற்பாடு சரி.

நாள் முழுக்கக் கறுத்தபடி பல்புக்கு அடியிலேயே கிடந்தால் சூடு போதவில்லை என்று சந்தேகப்படுங்கள். வெளிறிப்போய் வாயைத் திறந்து வைத்திருந்தால் சூடு அதிகம், உடனே குறையுங்கள். சூட்டைச் சரிசெய்த பிறகும் இரண்டில் எதுவும் மாறவில்லையா? ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

அப்புறம், டியூப் வெளிச்சமாக எரிந்துகொண்டிருந்தாலும் அதன் யூவிபி மாதாமாதம் குறைந்துகொண்டே வரும். பொதுவாக ஓர் ஆண்டில் மாற்றிவிட வேண்டும். மாட்டும் அன்றே அதன் முனையில் மார்க்கர் பேனாவால் தேதியை எழுதி வையுங்கள்.